வலது டயருக்கு மட்டும் வந்த வயசு

தேனியில் கம்பம் ரோட்டில் டயர்க்கடை வைத்திருக்கும் எப்சிபா அக்காவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. பக்கத்தில் பேட்டரி விற்கும் எனக்கும் பயம்தான். ஜேசிபியோ டிப்பரோ, எது வந்தாலும் காற்றைப் பார்ப்பார், டயரை உள்ளங்கையால் தடவுவார், பிறகு ஆரம்பிப்பார். "நடுவுல தேஞ்சா காத்து கூட. ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி. இதுகூடத் தெரியாம என்னத்த வண்டி வச்சிருக்கீக?" இப்படித் திட்டு வாங்கியும் கூட்டம் அங்கேதான் போகிறது. எனக்கு வயிற்றெரிச்சல்தான்.

போன தையில் பொட்டிப்புரத்து அம்மாவாசி வந்து குதித்தார். அவருடைய ஜேசிபிக்குப் பின்னால் போட்ட இரண்டு புது டயரில் வலது மட்டும் வழுக்கையாகிவிட்டதாம்.

"ஒன் டயரைக் குறை சொல்லலம்மா. டிரைவர் தங்கப்பாண்டி ராத்திரியில திருட்டுத்தனமா வாடகைக்கு ஓட்டிருக்கான். சாவியப் பிடுங்கிட்டேன்."

வண்டி ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் ஆடியிலேயே செத்துப்போனதால் அவர் வைத்ததுதான் சட்டம். கூடவே வந்திருந்த தங்கப்பாண்டி வாசலில் நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, திருடன்னு பேரு வந்துட்டா கூடலூர் வரைக்கும் எவனும் என்னைய வண்டியில ஏத்த மாட்டான்" என்றான். அட, எனக்கே மனசு கேட்கவில்லை.

"ஏண்ணே, ராத்திரியில ஓட்டினா ரெண்டு டயருந்தான தேயணும்? இடது டயரு தூங்கப் போயிருச்சாக்கும்?" என்றார் அக்கா.

மறுநாள் காலையில் அக்கா பொட்டிப்புரம் போனார். நானும் கடையைச் சாத்திவிட்டுத் தொற்றிக்கொண்டேன். ஓசி வேடிக்கையை விடுவேனா?

இரண்டு டயரிலும் காற்று சரியாக இருந்தது. வலது டயரில் மட்டும் குறுக்கே கீறல்கள். "இது ஓடித் தேஞ்சதில்ல, நின்ன எடத்துல அரைபட்டது" என்ற அக்கா, அம்மாவாசியிடம் சாவியை வாங்கித் தங்கப்பாண்டியிடம் கொடுத்தார். "தம்பி, தெனமும் காலையில என்ன செய்வியோ அதைச் செய்யி."

அவன் நேராக ஊர்க்கோடிக் கருப்பசாமி பீடத்துக்கு வண்டியை விட்டு மூன்று சுற்று வலம் வந்தான். வேலைக்குப் போகுமுன் வண்டி சாமியைச் சுற்ற வேண்டும் என்பது அம்மாவாசியின் உத்தரவு. இடமோ குறுகல். ஜேசிபியில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் உண்டு. மூலைக்கு மூலை அவன் வலது பிரேக்கை மட்டும் அமுக்கினான். வலது சக்கரம் நட்டுவைத்தது போல் நிற்க, வண்டி அதன்மேல் அரைத்துத் திரும்பியது. மண்தரையாக இருந்தவரை டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. தீபாவளிக்குத்தான் அங்கே சிமெண்ட் தளம் போட்டார்கள். 'உபயம்: அம்மாவாசி' என்ற எழுத்து சாமி பேரைவிடப் பெரிதாக இருந்தது.

தளத்தின் நாலு மூலையிலும் கருப்புத் தடம். ஒவ்வொன்றின் மேலும் செவ்வந்திப் பூ.

"இதென்னண்ணே?"

"கருப்பன் ராத்திரி வேட்டைக்குப் போய்ட்டு வந்த காலடி ஆத்தா. வெள்ளிக்கெழமை தவறாமப் பூப் போடுறோம்."

அக்கா குனிந்து நகத்தால் சுரண்டி, அவர் மூக்கருகே நீட்டினார். "மோந்து பாருங்க. சாமி ரப்பர் செருப்பா போட்டுருக்காக?"

தங்கப்பாண்டி வாயைப் பொத்திக்கொண்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்ப மாத்திச் சுத்தினா ரெண்டு டயரும் சமமாயிரும்ல?" என்று யோசனை சொன்னேன்.

"அது எழவு வீட்டுச் சுத்துடா!" என்று அம்மாவாசி பாய்ந்தார்.

"வண்டி எதுக்குண்ணே சுத்தணும்? சொந்தக்காரர் நீங்க நடந்து சுத்துங்க" என்றார் அக்கா. "தம்பி, நீ ரோட்டுல போறப்ப ரெண்டு பிரேக்கையும் கொக்கி போட்டுச் சேத்துக்கப்பா."

சாவி தங்கப்பாண்டியிடமே இருந்துவிட்டது. ஆனால் 'தப்பாச் சொல்லிட்டேன்டா' என்று ஒரு வார்த்தை அம்மாவாசியின் வாயிலிருந்து வரவில்லை. அது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மாசியில் காற்றுப் பிடிக்க அக்கா கடைக்கு ஜேசிபி வந்தது. பின்னாலேயே மனைவி ராமுத்தாயை பைக்கில் ஏற்றிக்கொண்டு அம்மாவாசி வந்திறங்கினார். தினமும் சிமெண்டில் வெறுங்காலோடு சாமியைச் சுற்றியதில் வலது காலை இழுத்து நொண்டினார்.

தங்கப்பாண்டி சீட்டில் இருந்தபடியே ரோடு முழுக்கக் கேட்கும்படி கேட்டான்: "மொதலாளி, வலது கால் மட்டும் தேஞ்சிருக்கே! ராத்திரியில திருட்டுத்தனமா எங்கன ஓடிட்டு வந்தீக?"

அம்மாவாசி அவனை முறைத்தார். ராமுத்தாய் அம்மாவாசியை முறைத்தார்.

"கேக்குறான்ல? சொல்லுங்க. எங்கன போனீக?"