கூப்பிட்டவர்தான் இறக்க வேண்டும்

யுத்த காலத்தில் கண்டி நகரத்தில் ஒரு சின்னக் கணினி நிறுவனத்தில் நாங்கள் இரண்டு தமிழர் வேலை செய்தோம். நான் யாழ்ப்பாணத்துக்காரி, அம்பிட்டியவில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். அவர் மலையகத்துக்காரர், நாவலப்பிட்டியிலிருந்து ரயிலில் வருபவர். திரையில் தமிழ் எழுத்தைக் காட்டும் மென்பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அவர் சி என்ற கணினி மொழியில் எழுதுவார். வேகம் போதாத இடங்களுக்கு நான் இயந்திரத்துக்கு நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதிக் கொடுப்பேன். அவருடைய பகுதி என்னுடையதை வேலைக்குக் கூப்பிடும்போது எந்த எழுத்து, எந்த இடம் என்ற விவரங்களைச் சரியாகக் கைமாற்ற வேண்டும். எங்கள் சண்டையெல்லாம் அங்கேதான்.

“கோப்பையளை அடுக்கிற மாதிரித்தான். சி கடைசி விவரத்தை முதலிலை வைக்கும். முதலாவது விவரம் மேலை வரும். நான் மேலையிருந்து எடுப்பன்” என்றேன்.

“கோப்பைய எப்படிங்க மிஸ் அடுக்குறது? சரிஞ்சிடுமே?”

யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சோறு சாப்பிடுகிற தட்டு. அவருக்கு அது தேநீர் குடிப்பது. பாவம், தேநீர்க் கோப்பைகளை மனதுக்குள் அடுக்கி அடுக்கி விழுத்திக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடுத்த வழக்கு, வேலை முடிந்ததும் அடுக்கியதை யார் இறக்குவது என்பது. வேறு கணினி மொழிக்கு எழுதிய பழக்கத்தில் நானும் இறக்க, அவர் பக்கமும் இறக்க, கணினி அப்படியே உறைந்துபோனது. பிழை என்னுடையது. அதனால்தான் சட்டத்தைச் சத்தமாகச் சொன்னேன்: “சியிலை கூப்பிட்டவர்தான் இறக்க வேணும். வந்தவர் கை வைக்கக் கூடாது.” அதோடு நில்லாமல், தேநீருக்குக் கூப்பிடுகிறவரே கோப்பையையும் கழுவ வேண்டும் என்று ஆக்கிவிட்டேன். எப்போதும் கூப்பிடுகிறவர் அவர்தான்.

கொழும்பில் குண்டு வெடித்த வாரம். ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்திலிருந்து நான் இருந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். “எழுத்தெல்லாம் தாறுமாறா வருது மிஸ். கொஞ்சம் வந்துட்டுப் போங்க.”

வழியில் பொலிஸார் பஸ்ஸை மறித்தார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று இருந்ததே போதுமாயிற்று, என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்று கேட்டார்கள். பயத்தில் தெரிந்த சிங்களமும் மறந்துவிட்டது. அலுவலக இலக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டுச் சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். இதே வாங்கில் இருந்த சிலர் வீடு திரும்பவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த இலக்கத்துக்குப் பேசியிருப்பார்கள், அவர் வந்தார். பொலிஸைக் கண்டால் தன் பெயரையே முணுமுணுக்கிற மனிதர். அவரும் தமிழர். என் பக்கத்தில் அவரையும் இருத்த ஒரு சொல் போதும். மேசைக்கு முன்னால் நின்று, “மம தமய் கதா களே” என்றார். “நான்தான் கூப்பிட்டேன்” என்று சிங்களத்தில். சொந்தமா, எப்படித் தெரியும், ஏன் வந்தாள் என்று எதைக் கேட்டாலும் அதே பதில். அவருடைய அட்டையையும் வாங்கி வைத்துக்கொண்டு, பொழுதுபடுகிற நேரத்தில் இருவரையும் விட்டார்கள்.

வாவிக் கரைக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “உங்களையும் பிடிச்சிருந்தால்? ஏன் வந்தனீங்கள்?”



“நீங்கதானே மிஸ் சொன்னீங்க,” என்றார், “கூப்பிட்டவன்தான் இறக்கணும்னு.”