மணல் சுடாத கால்கள்

அன்னையின் அடியார்களே, என் இல்லாள் பாக்கியம் என்னை அறியாது போன துயரையும், அம்மன் அவளை எனக்கு மீட்டுத் தந்த பரிவையும் உங்கள் முன் வைக்கிறேன்.

சென்ற ஆண்டு ஆடித் திருவிழாவில், நண்பகலில் அம்மன் கடற்கரைக்கு எழுந்தருளினாள். நம் மீனவ ஊரான உடப்பின் மணற்கொதிப்பு நீங்கள் அறிந்ததே. எல்லாரும் நிழல் தேடித் துள்ளி ஓட, பாக்கியம் மட்டும் வெறுங்காலுடன் அசையாது நின்றாள்.

“பாத்தீங்களா அண்ணே, அக்காவுக்கு மணல் சுடவே இல்ல! அம்மன்ட அருள்தான்” என்றாள் அயல்வீட்டு மகேசு. நானும் மெய்சிலிர்த்துக் கைகூப்பினேன். வீடு திரும்பிப் பார்த்தால், உள்ளங்கால் முழுதும் கொப்புளங்கள். அவளுக்கோ வலியே தெரியவில்லை.

பின்னர் நடை தள்ளாடிற்று. உலையேற்றியதை மறந்தாள். சிலர் முதுமை என்றனர்; சிலர் அருள்மயக்கம் என்றனர். ஒரு மாலை நான் தேநீர் கொண்டு சென்றபோது என்னை வியந்து நோக்கினாள்.

“வாத்தியாரையா, நீங்க இன்னும் போகல்லையா? அவர் வாற நேரம். கண்டா ஏசுவார்.”

அந்த ‘அவர்’ நான்தான். கோயிலுக்கு விரைந்து கருவறை முன் நின்றேன். இலக்கணம் கற்பித்து முதிர்ந்த ஆசிரியன் நான்; “தாயே, அவளைத் தா” என்று மட்டுமே வேண்டினேன்.

அடுத்த வாரம் அவள் கால்களைக் காட்டப் புத்தளம் மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே இளம் முஸ்லிம் பெண் மருத்துவர் ஒருவர் பாதத்தை ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார். நாவை நீட்டச் சொன்னார். அது சிவந்து வழுவழுவென்றிருந்தது.

“அம்மா என்ன சாப்பிடுவாங்க ஐயா?”

“சோறும் மரக்கறியும்தான் மகள். எங்கட மகன் கடல்ல புயலுக்குத் தப்பி வந்த நாள்ல இருந்து மீன், முட்டை ஒண்டும் தொடுறதில்ல. அம்மனுக்கு நேர்த்தி. பாலும் ஒத்துக்கொள்ளாது.”

“உடப்பில இருந்துக்கிட்டு மீன் திங்கிற இல்லையா? நல்ல கதை!” என்று சிரித்தவரின் முகம் உடனே மாறிற்று. அவர் கொண்ட ஐயத்தை இரத்தப் பரிசோதனை உறுதி செய்தது. பி12 என்னும் உயிர்ச்சத்து அவள் உடலில் பெரிதும் குன்றியிருந்தது. அது குன்றினால் நரம்புகள் மரக்கும், மூளையும் தடுமாறும், காலம் தாழ்த்தினால் இழந்தவை முழுவதும் மீளா என்று விளக்கி, அதை ஊசியாய்ப் போட வேண்டும் என்றார்.

“ஊசியில மீன் ஏதும் சேருமோ? நேர்த்தி முறிஞ்சிடும்.”

“இல்ல ஐயா, நுண்ணுயிர வெச்சுச் செய்றது. நேர்த்தியும் இருக்கட்டும், ஊசியும் இருக்கட்டும். ஆனா விடாமப் போடணும், சரியா?”

“ஓம் மகள்” என்றேன். பல்லாண்டு நோன்பை அவர் பழிக்கவில்லை. என் வேண்டுதலுக்கு அன்னை அனுப்பிய விடை, உணவைப் பற்றிய அந்த எளிய கேள்விதான்.

வாரங்கள் நகர்ந்தன. ஒரு நாள் நான் சமைத்த தேங்காய்ப்பால் சொதியைச் சுவைத்தவள் முகம் சுளித்தாள்.

“இஞ்ச பாருங்க, இதுக்குப் பேர் சொதியா? பொண்டாட்டி நான் இருக்கக்குள்ள உங்களுக்கு ஏன் இந்த வேலை? எழும்புங்க!”

பொண்டாட்டி! கொச்சையென்று மாணாக்கர்க்கு நான் விலக்கிய சொல். அதனினும் இனியதொரு சொல்லை நான் கேட்டதில்லை. அழுதேன். “உறைப்புக் கூடிட்டோ?” என்று கேட்டு நகைத்தாள்.

பாதங்களில் சிறிது மரப்பு இன்னும் உண்டு. மாதந்தோறும் கைபிடித்து அழைத்துச் சென்று ஊசி போடச் செய்கிறேன். அடியார்களே, நீங்களும் அன்னையை நம்பி வேண்டுங்கள். கால் மரத்துப்போனால் அருளென்று வாளாவிராதீர்கள். நேர்த்திக்காக எவற்றை விலக்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் மறையாது சொல்லுங்கள். தருபவள் அன்னை, எவர் கையால் தருவது என்பதை அவளிடமே விட்டுவிடுவோம்.