ஆஸ்பத்திரியைக் குறை சொல்லாதவள்

கிளெண்டா டாட்டர்சாலின் மேசைக்கு முன்னால் ஆஸ்பத்திரியைப் பற்றி யாரும் குறை பேசிவிட முடியாது. எங்கள் ராத்தன்ஷா கடைவீதியில், மூடிக் கிடக்கும் வங்கிக் கட்டடத்தின் வாசலில், சனிக்கிழமைதோறும் ஒரு மடக்கு மேசையைப் போட்டு, ஆஸ்பத்திரியைத் தனியாருக்கு விற்காதே என்ற மனுவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு நிற்பாள். மழை வந்தால் குடை, பனி வந்தால் இன்னொரு ஜோடி காலுறை. பின்னால் சுவரில் சாய்த்து வைத்த பெரிய பலகையில், 'எங்கள் ஆஸ்பத்திரியில் கை வைக்காதே' என்று சிவப்பு வண்ணத்தில் எழுதியிருக்கும்.

"எங்கம்மாவ எமர்ஜென்சியில விடிய விடிய நாற்காலியிலயே உக்கார வச்சிருந்தாங்க" என்று போகிறவன் ஒருவன் வாயைத் திறப்பான்.

"ஏன் வச்சாங்கன்னு யோசிச்சியா? ஆள் இல்ல. ஏன் இல்ல? மேல இருக்கறவன் காசு குடுக்கல. ஏன் குடுக்கல? நீ இப்பிடி நாலு எடத்துல திட்டணும். திட்டித் திட்டி, வித்துத் தொலைங்கடான்னு நீயே ஒரு நாள் கேக்கணும். அதுக்குத்தான். இந்தா பேனா, கையெழுத்தப் போட்டுட்டுப் போ."

அவன் போட்டுவிட்டுத்தான் போவான். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் ஊரில் குறைவு.

அவள் பிறந்தது அந்த ஆஸ்பத்திரியில். பள்ளிக்கூடத்தை விட்டதும் துடைப்பமும் வாளியுமாக வேலைக்குச் சேர்ந்தது அங்கேதான். வார்டு தரையில் வழுக்காமல் நடக்கும் வித்தையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த மேட்ரனைப் பற்றி இன்றைக்கும் பயத்தோடுதான் பேசுவாள். பிறகு துப்புரவு வேலையைக் குத்தகைக்கு விட்டார்கள். அதே வாளி, அதே வார்டு. சம்பளம் மட்டும் பாதி. நோயாளிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால், அது உன் வேலை இல்லை என்று புதிய மேஸ்திரி சீறினான். கிளெண்டா வாசலில் கொடி பிடித்து நின்றாள், வேலை போனது. பள்ளிக்கூடச் சமையலறையில் சேர்ந்து, மீதிக் காலத்தை உருளைக்கிழங்கு மசித்தே ஓட்டினாள். அன்றைக்குப் பற்றிய எரிச்சல் இன்றுவரை அணையவில்லை. பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் தனியார்மயம் என்று நீட்டி முழக்குவார்கள். அவளுக்கு அது அந்த மேஸ்திரியின் முகம், அவ்வளவுதான்.

பலகை எழுதியவர் அவள் கணவர் நார்மன். பேருந்துப் பணிமனையில் வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசாத மனிதர். அவருக்குக் கண்ணில் நீர் அழுத்தம். சொட்டு மருந்து போட்டுக்கொண்டு, வருஷத்தில் சில தடவை ஆஸ்பத்திரிக் கண் பிரிவுக்குப் போய் அழுத்தம் பார்த்துவர வேண்டும். பார்த்து, மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் இருக்கிற பார்வை இருக்கும். விட்டால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகும். வலிக்காது, தெரியாது, போனது திரும்பாது. டாக்டர் இதை முதல் நாளே சொல்லியிருந்தார்.

போன வருஷம் இலையுதிர் காலத்தில் வரவேண்டிய தேதி தள்ளிப்போனது. கிறிஸ்துமஸ் கழிந்து வேறு தேதி வந்தது, அதுவும் தள்ளிப்போனது. அப்புறம் தகவலே இல்லை.

மகள் ஜனீன் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கொதித்தாள். "போன் பண்ணிக் கத்தும்மா! இல்ல நான் எம்.பி.க்கு எழுதறேன். பேப்பர்ல போடறேன்."

"பேப்பர்லயா? நல்லா இருக்குடி. 'ஆஸ்பத்திரியக் காப்பாத்துற கிளெண்டா வீட்லயே இந்தக் கதி'ன்னு போடுவான். தனியார்காரன் அத வெட்டி ஃபிரேம் போட்டு மாட்டுவான்."

"அப்பா கண்ணும்மா இது."

"உங்கப்பாவ விட மோசமா எத்தன பேர் காத்திருக்காங்களோ. வரிசைன்னு ஒண்ணு இருக்கு. என்ன நார்மன்?"

நார்மன் கோழிக்கறியை வெட்டிக்கொண்டே, "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன். அவங்கள ஏன் தொந்தரவு பண்ணணும்?" என்றார். எங்கள் ஊரில் செத்துக்கொண்டிருப்பவனும் ஆம்புலன்ஸ்காரனிடம், "அலைய விட்டுட்டேன், மன்னிச்சுக்கப்பா" என்றுதான் சொல்வான். அதைப் பண்பு என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்துவிட்டார்கள். எனக்கு இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இதற்கிடையில் கிளெண்டாவின் கண்ணிலும் புரை வளர்ந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கண்ணைச் சோதித்துப் பார்த்துவிட்டு, பெரிய கடைகள் இருக்கும் வளாகத்தில், கம்பளக் கடைக்கு அடுத்தாற்போல் ஒரு தனியார் கண் கிளினிக் வந்திருக்கிறது, செலவு அரசாங்கத்தினுடையது, மாதக் கடைசிக்குள் முடிந்துவிடும் என்றார். கிளெண்டா அவரை முறைத்த முறைப்பில், அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

"எனக்கு ஆஸ்பத்திரியிலயே எழுதுங்க."

"அங்க ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்மா."

"ஆகட்டும்."

பிடிவாதம் வசந்தகாலம் வரை தாங்கியது. ஒரு நாள் காலை, சர்ச் முனையில் சாலையைக் கடந்த ஒரு பெண்ணும் அவள் தள்ளுவண்டியும் கிளெண்டாவுக்குத் தெரியவே இல்லை. பிரேக்கை மிதித்தபோது அவள் காருக்கும் குழந்தைக்கும் நடுவே ஒரு கை நீளம்தான். வீட்டுக்கு வந்து சாவியைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அவள் கார் ஓட்டாவிட்டால், தேதி வந்தாலும் நார்மனை யார் கூட்டிக்கொண்டு போவது? யோசித்து யோசித்து, கடைசியில் கண்ணாடிக்கடைக்குப் போன் செய்தாள். சனிக்கிழமை மேசையில் கூட நிற்கும் தோழி பெரிலிடம், தங்கை வீட்டுக்குப் போவதாகப் பொய் சொன்னாள்.

கிளினிக்கில் காலடிக்குக் கம்பளம். கப்பில் நல்ல காப்பி, பக்கத்தில் பிஸ்கட். யாரும் ஓடவில்லை, யாரும் கத்தவில்லை. எதையாவது வெறுக்கலாம் என்று தேடிப் பார்த்தாள், ஒன்றும் அகப்படவில்லை. அதுவே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அப்போது நீலச் சட்டையில் ஒரு நர்ஸ் வந்து குனிந்தாள்.

"கிளெண்டாம்மா! நீங்களா இங்க? கடவுளே, உங்க பலகைய எடுத்துட்டு வந்து வாசல்ல நிப்பீங்கன்னுல்ல நெனச்சோம்!"

டினா. ஆஸ்பத்திரியில் நார்மனுக்கு அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த அதே டினா. "இன்னிக்கு எத்தன பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிச்சீங்க?" என்று அவரைச் சீண்டுகிற பெண்.

"நீ எப்ப இங்க வந்த?"

"போன இலையுதிர்லம்மா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க. இங்க அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு முன்னாடியே ரெண்டு பேர் வந்துட்டாங்க." சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டபடி மெதுவாகக் கேட்டாள். "நார்மன் எப்பிடி இருக்கார்? அவருக்கு இப்ப யார் பாக்கறாங்க?"

"இங்க பாப்பீங்களா, அவருக்கு?"

"இல்லம்மா. இங்க புரை மட்டுந்தான். வந்தமா, எடுத்தமா, போனமான்னு. அவர மாதிரி சாகற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியவங்கள இங்க எடுக்க மாட்டாங்க." டினா சட்டென்று நிறுத்தினாள். "ஒரு வருஷமா பாக்கலன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அதற்குள் கிளெண்டாவை உள்ளே அழைத்தார்கள்.

மறுநாள் காலை கண் கட்டைப் பிரித்தாள். சமையலறை பளீரென்று கண்ணில் அறைந்தது. திரைச்சீலை மஞ்சள் இல்லை, வெள்ளை. அடுப்போரம் எவ்வளவு அழுக்கு! வாய்விட்டுச் சிரித்தேவிட்டாள். அப்புறம் நார்மனைப் பார்த்தாள்.

அவர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இடது கை ஆள்காட்டி விரலைக் கோப்பைக்குள் விட்டுக்கொண்டு ஊற்றினார். சூடு விரலில் பட்டதும் நிறுத்தினார். பால் குடுவைக்காகக் கையை மேசையில் தடவித் தடவிக் கொண்டுபோனார். இத்தனை நாளாக இதே மேசையில், இதே வெளிச்சத்தில், அவள் எதிரில்தான் இதெல்லாம் நடந்திருக்கிறது. அவளுக்குப் புகைமூட்டம், அவருக்கு இருட்டு. ஒருவர் தடுமாறுவது மற்றவருக்குத் தெரியவில்லை.

"எத்தன நாளா நார்மன் இப்பிடி?"

"எப்பிடி? சும்மா கொஞ்சம் மங்கல். நீயே கண்ணு தெரியாம கெடக்கற, உன்கிட்ட வேற எதுக்குச் சொல்லிக்கிட்டு."

பின்பக்கக் கொட்டகைக்குப் போய்ப் பலகையைத் திருப்பினாள். புதுவருஷத்துக்கு அவர் புதிதாக எழுதிக்கொடுத்தது. இடப்பக்கம் எழுத்தெல்லாம் அச்சடித்ததுபோல் இருந்தது. வலப்பக்கம் போகப் போகச் சரிந்து, கடைசி எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பலகை முடிந்ததுகூடத் தெரியாமல் தூரிகை சட்டத்தின் விளிம்பில் இழுபட்டிருந்தது. மாதக்கணக்காக இதற்கு முன்னால் நின்றுகொண்டுதான் ஊருக்கு உபதேசம் செய்திருக்கிறாள்.

பெரிலுக்குப் போன் செய்தாள்.

"பலகை அப்பிடி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"எல்லாருக்குமே தெரியும் கிளெண்டா. பாவம், நார்மன் மனசு நோகுமேன்னு... உனக்கும் தெரியும்னுதான் நெனச்சோம்."

அன்று கிளெண்டா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர்களிடம் கத்தினாள். எடுத்த பெண்ணும் அழுதாள், இவளும் அழுதாள். அந்த வாரமே வரச் சொன்னார்கள். ஒரே ஒரு போன். இலையுதிர் காலத்திலேயே செய்திருக்கக்கூடிய போன்.

கண் பிரிவில் டாக்டர் சலீமா சோர்ந்த முகத்தோடு நார்மனின் கண்களை நெடுநேரம் பார்த்தார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் நடுவில் ஒரு கைக்குட்டை அளவு மிச்சம். அதையாவது காப்பாற்ற அறுவை சிகிச்சை செய்து பார்க்கலாம் என்றார். "நோயாளிங்க குவிஞ்சு கெடக்காங்க, தேதி குடுக்க ஆள் இல்ல. எங்க தப்புதான், மன்னிச்சுக்கங்க. ஆனா ஒரு போன் பண்ணியிருந்தா உங்கள முன்னாடி இழுத்திருப்பேனே. யார் சத்தம் போடறாங்களோ அவங்களத்தான் முதல்ல பாக்க முடியுது. ஏன் பண்ணல?"

"உங்களுக்கு ஏகப்பட்ட வேல இருக்கும்னு..." என்று நார்மன் இழுத்தார்.

"நாந்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் கிளெண்டா. "சத்தம் போடப் போன மகளையும் நாந்தான் தடுத்தேன்."

எழுந்தபோது நார்மன் கையை நீட்டி, "ரொம்ப நன்றி டாக்டர். உங்க நேரத்த வீணாக்கிட்டோம்" என்றார். கிளெண்டாவுக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தச் சனிக்கிழமையும் மேசை போட்டாள். வீட்டில் தனியாக விட மனமில்லாமல் நார்மனையும் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். சும்மா இருக்கமாட்டேன் என்று பேனா கொடுக்கும் வேலையை அவர் வாங்கிக்கொண்டார். அச்சடித்த பலகை ஒன்று வாங்கலாமே என்றாள் பெரில். இதுவே இருக்கட்டும் என்றுவிட்டாள் கிளெண்டா. கிளினிக்குக்குப் போய்வந்ததையும் பெரிலிடம் சொல்லிவிட்டாள். பெரில் கையெழுத்துத் தாள்களை அடுக்க ஆரம்பித்தாள்.

மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் வந்து நின்றாள். "எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சு டெஸ்ட். மூணு தடவ தள்ளிப் போட்டுட்டாங்க. இந்த ஆஸ்பத்திரிய என்னன்னு சொல்றது..."

"ஏன் தள்ளிப் போட்டாங்கன்னு யோசிச்சீங்களா? ஆள் இல்ல..." என்று பெரில் பழைய பாட்டை எடுத்தாள்.

"நிறுத்துடி" என்றாள் கிளெண்டா. "நீங்க திங்கக்கெழம போன் பண்ணுங்கம்மா. செவ்வாய்க்கெழமயும் பண்ணுங்க. கத்துங்க. அசிங்கமா இருந்தாலும் கத்துங்க. அப்பறம் இங்க வந்து கையெழுத்துப் போடுங்க. ரெண்டும் வேணும்."

அந்தப் பெண் தலையாட்டினாள். "கையெழுத்த இப்பவே போட்டுடறேன்."

"இந்தாங்கம்மா" என்று நார்மன் சிரித்த முகத்தோடு பேனாவை நீட்டினார். அவள் நின்றது அவருக்கு வலப்பக்கம். அவர் நீட்டியது இடப்பக்கம், யாருமே இல்லாத நடைபாதையை நோக்கி. பெரில் தலையைக் குனிந்துகொண்டாள். மழைக்கோட்டுப் பெண் ஒரு கணம் தயங்கினாள். பிறகு, அவர் மனம் நோகக்கூடாதென்று, ஓசைப்படாமல் மேசையைச் சுற்றி நடந்துபோய், பேனா நீட்டியிருந்த இடத்தில் நிற்கப் போனாள்.

கிளெண்டா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சுத்தி வராதீங்கம்மா. அவருக்குக் கண்ணு போயிடுச்சு. 'நான் இந்தப் பக்கம் இருக்கேன்'னு வாயத் தொறந்து சொல்லுங்க."