நார்வேயும் ஸ்வீடனும் ஒரு பழைய லேப்டாப்பும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குவார்ட்டர்ஸ் முன்னறையில் போட்டித் தேர்வுக்குப் பாடம் எடுக்கிறவளுக்கு அது வேண்டியதுதான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

அந்த வாரப் பாடம் நார்வேயும் ஸ்வீடனும். பக்கத்துப் பக்கத்து நாடுகள். இரண்டுமே ஏழை நாடுகளுக்குக் கொடுத்துப் பேர் வாங்கியவை. நார்வே, எங்கள் நெய்வேலி நிலக்கரியைத் தோண்டுவதைப் போல கடலடி எண்ணெயைத் தோண்டிச் சம்பாதிக்கிற நாடு. தேசிய வருமானத்தில் நூற்றில் ஒரு பங்கை உதவியாகக் கொடுப்பது என்ற பழைய இலக்கை இன்னும் விடவில்லை. ஸ்வீடன் அதைக் கைவிட்டுவிட்டது. கொடுக்கிற உதவியால் தனக்கு என்ன ஆதாயம் என்று இப்போது வெளிப்படையாகவே பார்க்கிறது. ஸ்வீடனைக் கிழி கிழியென்று கிழித்து எழுதினேன்.

நான் எழுதுவது கையால். அதை லேப்டாப்பில் அடித்துத் தருவது எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகள். வளையமாதேவிக்காரர்கள், சுரங்கத்துக்கு நிலம் போனபின் அக்கா டவுன்ஷிப்புக்கு வேலைக்கு வந்தார். பிளஸ் டூ முடித்த மகளுக்கு என் மகனின் பழைய லேப்டாப்பைக் கொடுத்தேன். சும்மா இல்லை. ஞாயிறுதோறும் வந்து என் குறிப்புகளை அடித்துத் தர வேண்டும். அதையும் பெரிய தர்மம்போல எங்கள் பிளாக் வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா தயங்கித் தயங்கி, "நாளைக்கு பொண்ணு வராதும்மா, ஒரு வேலை இருக்குது" என்றார். என்ன வேலை என்று கேட்டேனா? "லேப்டாப் வாங்கறப்ப இருந்த வேகம் இப்ப எங்கக்கா போச்சு?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அது இன்னும் மோசம்.

ஞாயிறு காலை பெண் வந்துவிட்டாள். நாள் முழுக்க அடித்தாள். கண் சிவந்திருந்தது. திரையையே பார்த்ததால் என்று நினைத்து டீ போட்டுக் கொடுத்தேன்.

புதன்கிழமை அக்கா லேப்டாப்பைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து மேசைமேல் வைத்தார்.

"பொண்ணு இனிமே வராதும்மா. ஞாயித்துக்கெழம பாண்டிச்சேரியில அதுக்கு நர்சிங் சேர்ற பரீட்சை. இனி அடுத்த வருசம்தான். அழுதுகினேதான் உங்க வூட்டுக்கு வந்துச்சி."

"சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன், வெட்கமில்லாமல்.

"நீங்க அப்டி கேட்டப்புறம் எப்டிம்மா சொல்றது?" குரலில் கோபமே இல்லை. பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார்.

லேப்டாப்பைத் திறந்தேன். பாடம் முழுதாக இருந்தது, ஓர் எழுத்துப் பிழை இல்லை. கடைசி வரி நான் எழுதியது, அவள் அடித்தது: 'மறுக்க முடியாதவரிடம் நிபந்தனை போட்டுக் கொடுப்பது உதவி ஆகாது.'

அன்று மாலை வகுப்பில் அந்த ஒரு வரியை விட்டுவிட்டுப் பாடம் நடத்தினேன்.