திருச்சி விமானத்துக்கு ஒரு ரிக்கற்

வாந்திபேதி ஓய்ந்து, பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சிக்கு விமானம் மறுபடி பறக்கத் தொடங்கியபோது அதில் ஏற ஆள் இல்லை. நான் அப்போது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் விமான ரிக்கற் விற்கும் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். கீழே கந்தோர், மேல்மாடியில் பயணிகள் தங்குவதற்கு முதலாளி வைத்திருந்த ஆறு அறைகள். நோய்க்கு முன்பு வெள்ளைக்காரர்களும் திருச்சிப் பக்கத்து யாத்திரிகர்களும் அங்கே தங்குவார்கள். இப்போது அறைகள் பூட்டிக் கிடந்தன.

தடுப்பூசிப் புத்தகம் இல்லாதவரை விமானத்தில் ஏற்றக்கூடாது என்பது கட்டளை. ஊசி போட்டால் இரண்டு நாள் காய்ச்சல், கை வீக்கம். சனங்கள் நோயைவிட ஊசிக்குத்தான் கூடப் பயந்தார்கள்.

"ஊசிக்கு ஆஸ்பத்திரியிலை ஒரு நாள், ரிக்கற்றுக்கு இஞ்சை ஒரு நாள் எண்டு ஆர் அலையுறது?" என்ற முதலாளி, சனிக்கிழமைகளில் ஒரு தாதியைக் கந்தோருக்கே வரவழைத்தார். ஆட்கள் வராவிட்டால் கந்தோரைப் பூட்டிவிடுவேன் என்றும் என்னிடம் சொல்லியிருந்தார்.

முதல் சனிக்கிழமை அச்சுவேலியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். புகையிலைத் தோட்டக்காரர். மகன் திருச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். விமானம் நின்றதால் விடுமுறைக்கு வரவில்லை. அவனைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. மனைவி கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார். கணவர் ஊசியைப் பார்த்ததும் சைக்கிளைப் பூட்டவில்லை என்று சொல்லி வெளியே போனார். அவர்கள் வந்தது பஸ்ஸில்.

அடுத்த சனிக்கிழமை, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி. பிறகென்னத்துக்கு ஊசி?" என்று என்னிடம் கேட்டார். மூன்றாவது சனிக்கிழமை கதிரையில் இருந்தவர், தாதி கிட்ட வந்ததும் எழும்பிவிட்டார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. நேரே என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, ஒரு ரிக்கற் எழுதுங்கோ. எனக்கு மட்டும்."

"தனிய எப்பிடிப் போவாய்?" என்றார் கணவர்.

"பிளேன் தனியவே போகுது? அதுக்கை ஆக்கள் இருப்பினம்தானே."

பிறகு அந்த அம்மா என் பக்கம் குனிந்து, "நீங்கள் ஏறியிருக்கிறியளோ? பயமில்லையோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஓம் அக்கா, ரெண்டு மூண்டு தரம். பஸ் மாதிரித்தான். வேர்த்தால் யன்னலைத் திறந்துவிடலாம்," என்றேன். நான் விமானத்தில் ஏறியதே இல்லை. ஒரு ரிக்கற்றாவது எழுதிவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

அவர் புறப்பட்ட நாளில் பயணிகள் ஒன்பது பேர். பெயர்ப் பட்டியலோடு நானும் பலாலிக்குப் போயிருந்தேன். விமானம் எழும்பிக் கடல் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் கணவர் வேலிக் கம்பியை விடவில்லை.

"ஊசி கடுமையா நோகுமோ தம்பி?" என்று கேட்டார்.

நான் பொய் சொல்லி அனுப்பியிருந்தேன். ஏதும் நடந்தால் இந்த மனிதருக்கு என்ன சொல்வேன்? மறுநாள் மனைவி சுகமாகப் போய்ச் சேர்ந்த தந்தியை அவர் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா அயலிலுள்ள இரண்டு பெண்களோடு கந்தோருக்கு வந்தார்.

"தம்பி, உங்கடை யன்னல் திறக்காது. நான் இழுத்த இழுவையிலை பக்கத்திலை இருந்த மனிசன் பயந்துபோனார்."

தாதி சிரித்தார். நான் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"ஏறினதில்லை எண்டு சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பன்," என்றார் அவர். கூட வந்தவர்களிடம், "எறும்பு கடிச்சமாதிரித்தான். இருங்கோ," என்றார். இருவரும் இருந்து ஊசி போட்டுக்கொண்டார்கள்.

அதன்பிறகு அச்சுவேலிப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆட்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். திருச்சியிலிருந்து வருவோர் தொகை அதிகரிக்க மேலும் சில மாதங்கள் பிடித்தன. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த யாத்திரிகர்களுக்கு மேல்மாடி போதாமல் பக்கத்து வீட்டிலும் இடம் கேட்டோம். அந்த அம்மாவின் மகனும் விடுமுறைக்கு வந்தான். கணவர் ஊசி போடவேயில்லை. வருட முடிவில் முதலாளி கந்தோருக்கு இன்னொரு எழுதுவினைஞரை எடுத்தார்.