திங்கட்கிழமைக்குள் பிரேக்

ஞாயிறு காலை ஆறு பத்துக்கு காரின் பானெட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது உரிந்துபோன பெயிண்ட். பெடலை அழுத்தினால் சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளும் பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு அது கொப்பளித்திருந்தது. பிரேக் ஆயில் கசிந்த இடத்தில் பெயிண்ட் அப்படித்தான் ஆகும். சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினேன். பெடல் பாதியில் நின்றது; பிறகு மெதுவாகத் தரைவரை இறங்கியது.

மறுநாள் ஒன்பது மணிக்கு அம்மா சேலத்தில் இருக்க வேண்டும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து பதினான்காம் நாள், தையல் பிரிக்க வரச் சொல்லியிருந்தார்கள். கால் மடங்காது. மாரண்டஹள்ளியில் பஸ் ஏறுவது நடக்காத காரியம். வாடகைக் காருக்கு நான்கு பேரிடம் கேட்டேன். திங்கள் முகூர்த்த நாள். நான்கும் கல்யாணத்துக்குப் பேசியாகிவிட்டன. மெக்கானிக் போனை எடுக்கவில்லை. வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். இந்தப் பெடலோடு அதில் இறங்க முடியாது.

தர்மபுரி ஸ்பேர்ஸ் கடையில் முழு சிலிண்டர் இல்லை. "செவ்வாக்கெழம வந்துரும் சார். இப்போதைக்கு உள்ள இருக்கற ரப்பருங்கள மட்டும் மாத்திக்கங்க, கிட்டு இருக்கு," என்றார் கடைக்காரர். வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பும்போது பன்னிரண்டு மணி.

மனைவியின் தம்பி வந்திருந்தான். தக்காளிக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரை அவனேதான் கழற்றி மாட்டுவான். ஊரில் பாதிப் பேருடையதையும் அவன்தான் பார்ப்பான். சிலிண்டரைக் கழற்றவே ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒரு குழாயின் நட்டு மழுங்கி ஸ்பேனர் வழுக்கியது. மூன்று முறை விரல் முட்டி உரசித் தோல் பெயர்ந்தது.

"மாமா, சித்த தள்ளுங்க. நட்டு அது. கெஞ்சுனா வராது."

பிளையரால் கடித்துத் திருப்பினான். வந்தது.

பிஸ்டனில் புது ரப்பர்களை மாட்டினோம். ரப்பரின் விளிம்பு மடங்காமல் பிஸ்டனை சிலிண்டருக்குள் தள்ள வேண்டும். நான்கு தடவை தள்ளினேன். நான்கு தடவையும் மடங்கியது. அந்த நேரம் பார்த்து, அம்மாவை பாத்ரூமுக்கு அழைத்துப்போக மனைவி கூப்பிட்டாள். அதற்கு இரண்டு பேர் வேண்டும். திரும்பி வந்தபோது பிஸ்டன் உள்ளே இருந்தது. எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை.

குழாய்களில் இருந்த காற்றை எடுக்க மனைவியை சீட்டில் உட்காரவைத்தேன். அவள் பெடலை அழுத்திப் பிடிக்க வேண்டும்; நான் சக்கரத்தருகே படுத்து, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

"புடி."

"புடிச்சுட்டேன்."

"விடு."

மூன்றாவது சக்கரத்தில் அவள் சொன்னாள்: "ஏங்க, எனக்கும் முட்டி வலிக்குது. நாளைக்கு அத்தையோட சேத்து என்னையும் காட்டிருங்க."

ஐந்தரைக்கு பெடல் கல் மாதிரி நின்றது. தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தேன். சரியாகப் பிடித்தது.

திங்கள் ஆறு மணிக்குக் கிளம்பினோம். முன் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, அம்மாவின் காலுக்கடியில் தலையணை வைத்திருந்தோம். பாலக்கோட்டைத் தாண்டியதும் வண்டி திணறியது. மூன்றாம் கியரில்கூட இழுக்கவில்லை. கருகும் வாடை வந்தது. இறங்கி முன்சக்கரத்தில் கை வைத்தேன், சுட்டது. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை.

மைத்துனனுக்குப் போன் செய்தேன். "நேத்து பிஸ்டன எப்பிடி உள்ள வுட்ட?"

"கிரீஸ் தடவித்தான் மாமா. ஸ்பிரேயர் வாஷருக்குத் தடவுவேனே, அதேதான். இல்லாட்டி மடங்குது, நீங்களே பாத்தீங்களே."

பிரேக் ஆயில் தவிர வேறு எண்ணெய், கிரீஸ் எதுவும் ரப்பரில் படக்கூடாது என்று கிட்டுடன் வந்த தாளில் இருந்தது. கடையிலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே அதைப் படித்திருந்தேன். அவனிடம் சொல்லவில்லை.

"பஸ்ஸ நிறுத்து சாமி, நா ஏறிக்கறேன்," என்றார் அம்மா.

"கால மடக்க முடியாதும்மா."

"நின்னுக்கிட்டே வரேன்."

தர்மபுரி பஸ் வந்தது. முகூர்த்தக் கூட்டம் படிக்கட்டில் தொங்கியது. அம்மா காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் அவன் பைக்கில் வந்து சேர்ந்தான். நிப்பிளைத் திறந்து அழுத்தத்தை விட்டதும் சக்கரம் சுற்றியது. பெடலைத் தொடாமல், கைப்பிரேக்கை நம்பி, இரண்டாம் கியரில் வீடு வந்தோம். சிலிண்டரைப் பிரித்தால், ரப்பர் ஊறவைத்த கொண்டைக்கடலை போல உப்பி, ஆயில் திரும்பிவரும் துளையை அடைத்திருந்தது.

"ஸ்பிரேயர்ல இப்பிடி ஆனதே இல்ல மாமா."

"இது மருந்து டேங்க் இல்ல மாப்ள."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா தடவியிருக்க மாட்டேனே."



செவ்வாய் மதியம் புது சிலிண்டர் வந்தது. குழாய்களில் இருந்த பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, அதை மாட்டி முடிக்க இருட்டத் தொடங்கிவிட்டது. அம்மாவுக்குத் தையலைப் பதினாறாம் நாள் பிரித்தார்கள்.