கண்வலிப் பூவுக்கு நான் செய்த வைத்தியம்

அப்பாவுக்குச் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை. அச்சுக்குப் போகும் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, அழுக்கு, கீறல், பொட்டு எல்லாவற்றையும் துடைத்தெடுக்க வேண்டும். லட்சுமியின் கன்னத்தில் ஒரு புள்ளி தப்பினாலும் ஆர்டர் திரும்பி வந்துவிடும். அதனால் மாதிரித் தாள்களை வீட்டுக்கும் கொண்டுவந்து என்னைப் பார்க்கச் சொல்வார். மூன்றாம் வகுப்பிலேயே புள்ளி பிடிப்பதில் நான் மகா கெட்டிக்காரி. தலைக்கனமும் அதற்கேற்ப இருந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, செடிகளை வாட்டர் கலரில் வரைபவள். செடி எந்த அளவோ படமும் அந்த அளவு, இலையில் எத்தனை நரம்போ படத்திலும் அத்தனை. பெங்களூரில் ஒரு தாவரப் பூங்காவுக்குப் படம் வரைய ஆள் எடுத்தார்கள். அதற்கு மாதிரிப் படம் அனுப்ப எம். புதுப்பட்டி ஓடைக்கரை வேலியிலிருந்து செங்காந்தள் என்கிற கண்வலிப் பூக்கொடி ஒன்றை வெட்டிவந்து, தண்ணீர் பாட்டிலில் செருகிவைத்து வரைந்தாள்.

“அந்தப் பூவப் பாத்தாலே கண்ணு வலிக்கும்பாக. இவ பத்து நாளா அதுக்கு முன்னாலயே தவம் கெடக்கா” என்று அம்மா புலம்பினாள்.

படம் முடிந்தது. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் கூரியரில் கொடுத்தாக வேண்டும். அன்று காலை அத்தை குளிக்கப் போன நேரத்தில் நான் படத்தைப் பார்த்தேன். ஓர் இலையின் நடுவில் வண்ணமே இல்லாமல் வெள்ளையாக ஒரு திட்டு, அதைச் சுற்றிப் பழுப்புக் கறை. அடடா, இதை அத்தை கவனிக்கவே இல்லையே! தட்டில் பச்சை மிச்சமிருந்தது. தூரிகையை நனைத்து, கறையையும் சேர்த்து அழகாக அடைத்துவிட்டேன்.

ஈரத்தலையோடு வந்த அத்தையிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏ புள்ள, அது புழு தின்ன ஓட்டை. நெசமாவே இருக்கு, பாரு.”

பாட்டிலைப் பார்த்தேன். இருந்தது. நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். அப்பா ஈரப் பஞ்சால் ஒற்றிப் பார்த்தார், பச்சை அசையவில்லை. “கம்ப்யூட்டர்னா ஒரு தட்டுல எடுத்திருவேன்” என்றார் பரிதாபமாக.

“மேல ஒரு புழுவ வரஞ்சு மூடிரு. யாரு பாக்கப் போறா?” என்றாள் அம்மா.

“பாக்காத புழுவ நான் எப்பிடி வரைவேன் மதினி?”

சொன்ன வேகத்தில் அத்தை எழுந்தாள். அடுத்த நிமிடம் நானும் அவளும் ஸ்கூட்டியில் பறந்தோம். ஓடைக்கரை வேலியில் முள் கையைக் கிழிக்க, ஒவ்வோர் இலையாகப் புரட்டினோம். அழுகையெல்லாம் எங்கே போனதோ, எனக்கு ஒரே கொண்டாட்டம். புள்ளி பிடிக்கும் கண் அன்றைக்குத்தான் உதவியது. கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் பொட்டு வைத்துக்கொண்டு ஒரு புழு, இலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

இலையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தால், அதற்கு உட்காரப் பொறுமையில்லை. அது நடக்க நடக்க நான் இலையைத் திருப்பிப் பிடிக்க, அத்தை மூச்சடக்கி வரைந்தாள். பச்சைத் திட்டு கறுப்புக்குள் மறைந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு ஃபேனுக்கடியில் காயவைத்து, சுற்றி, அப்பாவோடு ஓடினோம். கூரியர்க்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். அப்பா குனிந்து உள்ளே தலையை நீட்டி, “அண்ணே, இத மட்டும் வாங்கிக்கிடுங்க” என்றார்.

இரண்டு வாரத்தில் போன் வந்தது. அத்தைக்கு வேலை கிடைத்துவிட்டது. என் புழுவால்தான் கிடைத்தது என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்தேன். அவள் கிளம்பிய காலையில் தூரிகைகளை டப்பாவில் அடுக்கியதும் நான்தான். பஸ் ஏறும்போது அத்தை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வேலை கிடைத்ததற்கு யாராவது அழுவார்களா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

எங்கள் ஊரில் காலையில் வேலைக்குப் போகிறவர்களைச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி வேன் கொண்டுவந்து விட்டுவிடும். அன்று ஐந்தரைக்கே தெருமுனையில் போய் நின்றேன். வேன் வந்தது. தூக்குச்சட்டிகளோடு எல்லோரும் இறங்கினார்கள்.

“பெங்களூர் வேன் எப்பண்ணே வரும்?” என்று டிரைவரிடம் கேட்டேன்.

“அது இந்தப் பக்கம் வராதே தாயி.”

அப்படியானால் எந்தத் தெருவில் நிற்கும் என்று கேட்டேன்.